பெட்டியில் வந்த காட்டு மண்

அந்தப் பெட்டி வந்து இறங்கிய அன்று மாதா கோயில் உபதேசியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார், துக்க மணி அடிக்கலாமா என்று கேட்க. அவர் மேல் தப்பில்லை. ஆள் நீளத்துக்கு ஒரு மரப் பெட்டி, மேலே பலகை வைத்து அறைந்தது, குட்டியானை வண்டியில் வந்து வாசலில் நிற்கிறது. நாலு பேர் தோள் கொடுத்து இறக்குகிறார்கள். பின்னாலேயே என் மகள் கண் சிவந்து இறங்குகிறாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அது ரயிலில் இரண்டு ராத்திரி தூங்காத கண். வடக்கே வேலை பார்க்கிற பெண் சவப்பெட்டியோடு வந்திருக்கிறாள் என்று தெருக்கோடி வரைக்கும் சேதி போய்விட்டது.

யாரும் சாகவில்லை, உள்ளே இருப்பது மண் என்று நான் உபதேசியாரிடம் சொன்னேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். நம்பினாரா என்று தெரியவில்லை.

என் கொழுந்தன் பெண்டாட்டி அடுத்த வீடு. எந்தச் சேதியும் அவள் காதில் விழுந்தால் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சேரும். அவள் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, கடைசியில மாப்பிள்ளைய பொட்டியில போட்டே கொண்டாந்துட்டாளா?" என்றாள். என் மகளுக்கு நாற்பது ஆகிறது, கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவள். "ஆமா. இவன் குடிக்க மாட்டான், பேச மாட்டான். அதான் தேடிப் புடிச்சிருக்கா" என்றேன். அவள் மகளைக் கட்டின மாப்பிள்ளை குடிக்கிறவன்.

சிரித்துச் சமாளித்தேனே தவிர எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். காவிரி கொண்டுவந்து கொட்டின மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே ஒருத்தி ரயிலேற்றி மண் கொண்டுவருகிறாள். கொல்லத் தெருவில் ஊசி விற்க வந்த கதை. அதுவும் புரட்டாசி மாதம். நாற்றங்காலில் சம்பா நாற்று பறிக்கத் தயாராக நிற்கிறது, வாய்க்காலில் முறைத் தண்ணீர், சேறடிக்க டிராக்டர்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்கிறான். வரப்பு முழுக்க நண்டு வளை. எனக்கு வீட்டில் கால் நிற்கவில்லை. வயலுக்குப் போனால் கூடத்தில் கிடக்கிற பெட்டி ஞாபகம், வீட்டுக்கு வந்தால் வரப்பு ஞாபகம்.

மகளுக்கு மண் அளக்கிற ஆபீசில் வேலை. நிலத்தின் நீள அகலம் அளப்பது தாசில்தார் ஆபீஸ் வேலை. இவள் ஆழம் அளக்கிறவள். ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக் குழி வெட்டி, குழியின் சுவரைக் கத்தியால் சீவி, மேலிருந்து கீழே எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் என்ன நிறம், கட்டி எப்படி உடைகிறது, வேர் எதுவரை போகிறது என்றெல்லாம் எழுதி, கடைசியில் அந்த மண் இன்ன ஜாதி என்று பேர் வைக்க வேண்டும். மகாராஷ்டிரா பக்கத்து மலைக்காடு ஒன்றில் அவள் வெட்டிய குழியில் இருந்து ஒரு சுவரை அப்படியே கலையாமல் செதுக்கி, மேல் மண் தலைமாட்டிலும் அடிப்பாறை கால்மாட்டிலும் இருக்கிற மாதிரி பெட்டிக்குள் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

ஏன் இங்கே என்றால், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காட்டில் எங்கே என்ன மண் என்று முதலில் படம் போட்டவர் நம் கும்பகோணத்து மனிதர். ரிட்டையர் ஆகி ஊருக்கே திரும்பிவிட்டார். அவர் அந்தக் காலத்தில் அந்த மண்ணை ஒரு ஜாதி என்று எழுதினார். என் மகள் இல்லை, இது வேறு ஜாதி என்கிறாள். ஆபீசில் சொல்லிவிட்டார்கள், பழைய படத்தை மாற்ற வேண்டுமானால் அவர் கண்ணால் பார்த்து, சரி என்று எழுதித் தரட்டும், இல்லாவிட்டால் உன் மூன்று வருஷ வேலையை ஓரமாக வை என்று. அவருக்கு முட்டி வலி, காட்டுக்குப் போக முடியாது. அவர் வீடோ மாடியில், படி குறுகல், பெட்டி ஏறாது. அதனால் சனிக்கிழமை அவரே நம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். சோறு ஆறிப்போகும். நான் போவதும் வருவதுமாக அவள் தலைக்கு மேலிருந்தே எட்டிப் பார்ப்பேன்.

நல்ல மண்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே நாலு விரல் கறுப்பு. இலை மக்கி, எருக்குழியின் அடிமண் மாதிரி வாசனை. அதற்குக் கீழே ஒரு சாண் பழுப்பு, புட்டு மாதிரி பொலபொலவென்று உதிர்கிறது. அதற்கும் கீழே முழ நீளத்துக்குச் சிவப்பும் பழுப்பும் கலந்த களி. வெல்லக்கட்டி உடைத்தது போல மூலை மூலையாகப் பிளக்கும். அடியில் பாறை. பாறை என்று கையை வைத்தால் வெங்காயம் உரிகிற மாதிரி தோல் தோலாக வந்தது, உள்ளே மட்டும் கருங்கல் குண்டு. எரிமலை கக்கின குழம்பு ஆறி இறுகின கல் அது என்றாள். அந்தக் கல்லே வெயிலிலும் மழையிலும் நைந்து நைந்து மேலே இருக்கிற மண்ணெல்லாம் ஆகியிருக்கிறது.

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் ஊர் மண்ணெல்லாம் மருமகள் மாதிரி. எங்கேயோ பிறந்து, ஆற்றோடு வந்து, இங்கே உட்கார்ந்தது. இந்தக் காட்டு மண் பிறந்த வீட்டை விட்டு நகராதது. அவளிடம் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அதத்தாம்மா நாங்க ஒரு பக்கத்துக்கு எழுதுவோம்" என்றாள். எனக்குப் பெருமைதான்.

பெயின்ட் கடையில் காட்டுகிற அட்டை மாதிரி ஒரு புத்தகம் வைத்திருந்தாள். அதில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். மண்ணை ஓட்டைக்கு அடியில் பிடித்து எந்த நிறத்தோடு சேருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் நாடா மாதிரி தள்ளுவாள். நாடா எத்தனை நீளம் முறியாமல் வருகிறதோ அத்தனை களி. அவளுக்கு ஒரு விரல் நீளம் வந்து முறிந்தது. கொண்டா இப்படி என்று வாங்கி நான் தள்ளினேன். இரண்டு விரல் நீளம் வந்தது. ஆறு வயதில் இருந்து சேற்றில் இருக்கிற கை. அவள் என் நாடாவைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதுதான் கணக்கு, உன் கைக்கு வருவது உன் கைக்கு மட்டும்தான் என்றாள்.

சண்டை எதில் என்று கேட்டேன். பேர் இரண்டும் இங்கிலீஷ், என் வாயில் நுழையவில்லை. விஷயம் இவ்வளவுதான். காட்டு மழை மேலே இருந்து கீழே இறங்கும்போது மேல் மண்ணில் இருக்கிற நைசான களியைக் கரைத்துக்கொண்டு போய், கீழ் அடுக்கில் இருக்கிற கட்டிகளின் மேலும் வேர் போன துளைகளின் உள்ளேயும் தோல் மாதிரி பூசிவிடும். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படி நடந்திருந்தால் அந்தத் தோல் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் மண் முற்றியது. தெரியாவிட்டால் இன்னும் இளசு. கும்பகோணத்தார் இளசு என்று எழுதியிருக்கிறார். இவள் முற்றல் என்கிறாள். வெண்டைக்காய் மாதிரி நுனியை ஒடித்துப் பார்த்தால் ஆயிற்று என்று நான் சொன்னேன். கிட்டத்தட்ட அதுதான் என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் வாடகைக் கார் வைத்துக்கொண்டு அவரை அழைத்துவரக் கிளம்பினாள். பெட்டியின் மேல் பலகையை வைத்துவிட்டு, கோழி ஏறாமல், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். காரில் ஏறினவள் இறங்கி வந்து இன்னொரு தரம் சொன்னாள்.

நான் அதற்கு முன்பே விடியற்காலையில் வயலுக்குப் போய் வந்திருந்தேன். கீழண்டை வரப்பில் ஏழு எட்டு நண்டு வளை. எல்லாவற்றையும் குத்தி, சேறு வைத்து, குதிகாலால் மிதித்து, உள்ளங்கையால் மெழுகிவிட்டு வந்தேன். வரும்போது வாய்க்கால் வண்டல் ஒரு உருண்டை எடுத்து வந்தேன், கொல்லை அடுப்புப் பிளந்திருந்தது, பூசலாம் என்று. அடுப்பைப் பூசினேன். வண்டல் மிச்சம் இருந்தது.

அவள் போன பிறகு வீடு ஒரு மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். எழுந்தேன். காபிக்குப் பால் பார்த்தேன். வாசலுக்குப் போனேன். வருகிறவர் பெரிய மனிதர், பெட்டியை எப்படி இருக்கிறதென்று ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று பலகையைத் தூக்கினேன்.

இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் காய்ந்து, கீழ் அடுக்கில் குறுக்கே இரண்டு வெடிப்பு விட்டிருந்தது. ஒன்றில் என் சுண்டுவிரல் போனது. துளைகளில் இருந்து மண் பொடி கொட்டிப் பெட்டியோரம் கிடந்தது. வரப்பு இப்படித்தான் முதலில் வாய் பிளக்கும். மறுநாள் பார்த்தால் அந்தப் பக்கம் சரிந்து கிடக்கும். மூன்று வருஷ வேலை கும்பகோணத்தார் வந்து குனிகிற நேரத்தில் பொலபொலவென்று கொட்டினால் என் மகள் கதி என்ன ஆவது? எங்கள் பக்கத்தில் பிறந்த யாராவது ஓட்டையைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டை என்றால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் வெள்ளாமை போய்விடும். இது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை.

பெட்டியோரம் உதிர்ந்து கிடந்த அதே சிவப்பு மண்ணை வழித்தெடுத்தேன். ஒட்டுவதற்காக ஒரு பிடி வண்டல் சேர்த்துக் குழைத்தேன். நிறம் மாறக்கூடாது என்று வண்டலைக் குறைவாகவே போட்டேன், அவ்வளவு ஜாக்கிரதை. வெடிப்பில் விரலால் அழுத்தி, துளைகளை அடைத்து, மிச்சக் கரைசலை ஈரக் கையால் கீழ் அடுக்கு முழுக்க மெல்லிசாக மெழுகிவிட்டேன். கட்டிகளின் முக்கு மூலை எல்லாம் தெரிகிற மாதிரியே மெழுகினேன். கால் மணி நேரத்தில் காய்ந்தது. பூச்சு எங்கே, பழசு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. வாசல் வெளிச்சம் பட்டபோது மினுமினுவென்று இருந்தது. நல்ல வேலை செய்தோம் என்று பலகையை மூடிவிட்டுக் கை கழுவினேன்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. அவர் ஒல்லியான மனிதர், என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பார். கண் ஆபரேஷன் செய்த கறுப்புக் கண்ணாடி. மோர் கொடுத்தேன், குடித்தார். நல்லபடியாகப் பேசினார். என்னை அம்மா என்றும் என் மகளை மேடம் என்றும் கூப்பிட்டார். தன்னைத் தப்பு என்று சொல்ல வந்தவள் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்கிற கோபம் அவர் முகத்தில் இல்லை. எனக்கு அதுவே என்னமோ போல் இருந்தது.

பலகையைத் தூக்கினார்கள். என் மகள் தலைமாட்டில் இருந்து எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார். கீழ் அடுக்கு வந்ததும் அவள் குரல் நின்றது. குனிந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது. வெடிப்பு இருந்த இடத்தில்தான் அவள் பார்வை இருந்தது என்று நினைக்கிறேன். அதற்குள் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியோடு குனிந்துவிட்டார். ரொம்ப நேரம் எழவில்லை. ஒரு கட்டியின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"இதத்தான் நான் அந்தக் காலத்துல தேடினேன், மேடம். ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடினேன். எனக்கு ஆப்புடல. அதான் இளசுன்னு எழுதிட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, எனக்குப் புரியும்படி சொன்னார். இந்தப் பளபளப்பு இருக்கிறதே, இது மேலே இருந்த களி, மழை கொண்டுவந்து பூசினது, கொத்தன் கையால் மெழுகினாற்போல எப்படி இருக்கிறது பாருங்கள் அம்மா என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு நாளாக அவள் சொன்ன தோல் என்கிறது என்ன என்று எனக்கு அதுவரை கண்ணால் தெரியாது. அவர் விரல் போன இடமெல்லாம் என் உள்ளங்கை.

அடுப்படிக்குப் போனேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, அதைக் கிண்டினேன். கிண்டத் தேவையில்லை. கூடத்தில் அவர் பேசுவது கேட்டது. தப்பு என்னுடையதுதான், எழுதிக் கொடுத்துவிடுகிறேன், இந்த வயதில் இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேனா எங்கே என்று சட்டைப்பையைத் தடவியிருப்பார் போல, என் மகள் தன் பையின் ஜிப்பைத் திறந்து பேனா எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

பேசாமல் இருந்துவிடலாம். என் மகள் ஜெயித்துவிடுவாள். அவள் சொல்வதே நிஜமாகவும் இருக்கலாம், அந்தக் காட்டில் தோல் இருக்கவே இருக்கலாம், என் பூச்சு அதன் மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். இப்படியெல்லாம் மனசு ஓடியது. இந்த ஓட்டம் எனக்குப் பழக்கமானது.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது ஒரு ஐப்பசி அடைமழையில் வடிகால் மடையைத் திறந்துவிட வேண்டியது என் வேலை. நான் மறந்து படுத்துவிட்டேன். எங்கள் வயல் மட்டும் இல்லை, கொழுந்தன் வயலும் சேர்ந்து நடவு முழுகி அழுகிப்போனது. காலையில் எல்லோரும் வரப்பில் நின்று கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான்தான் மறந்துட்டேன் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு விழுந்த பேர் 'மடை மறந்தவர்'. கடைசி வரைக்கும் அந்தப் பேர்தான். அவரைக் கல்லறைக்குத் தூக்கிப்போன அன்றுகூட யாரோ பின்னால் அப்படிச் சொன்னது என் காதில் விழுந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மன்னித்து ஜெபமாலையில் பத்து மணி உருட்டி ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தெருவில் என் வேலையில் குறை சொன்னவர் கிடையாது. அதை நான் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அவர் மடியில் தாளை வைத்து முதல் வரி எழுதிவிட்டார்.

"ஐயா, எழுதாதீங்க. அது மழை பூசினதில்ல. காலையில நான் பூசினது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நின்றபடியே முழுதும் சொன்னேன். வெடிப்பு, துளை, உதிர்ந்த மண், வாய்க்கால் வண்டல் ஒரு பிடி. சரிந்துவிடும் என்று நினைத்தேன் என்றேன். என் மகள் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் சொல்ல முடிந்திருக்காது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "எது வரைக்கும் பூசினீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்து, இங்கே இருந்து இது வரைக்கும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினேன். மேல் மண்ணைத் தொடவில்லை என்றேன். அது நிஜம்.

என் மகள் கத்தியை எடுத்தாள். கீழ் அடுக்கை இரண்டு விரல் கனத்துக்குச் செதுக்கி எடுத்தாள். அடியில் புது முகம் வந்ததும் கட்டிகளைக் கையால் ஒடித்து ஒடித்து அவரிடம் கொடுத்தாள். கத்தி பட்ட இடமும் பளபளக்கும், அதனால் ஒடித்துத்தான் பார்க்க வேண்டுமாம். அவர் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரே ஒரு வேர்த்துளைக்குள் நகக்கண் அளவு ஒரு மினுக்கம் இருந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். என் பூச்சு மாதிரி இல்லை. ஈரமான நாக்கு மாதிரி, இருந்தும் இல்லாமலும் இருந்தது.

"இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இத வச்சு நான் எழுத முடியாது மேடம்" என்றார். எழுதின ஒரு வரியையும் அடித்தார். அந்தக் கட்டியைப் பசை ஊற்றி இறுக்கி, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, பெரிய பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற இடத்துக்கு அனுப்பலாம், அது என்ன சொல்கிறதோ அதுதான் என்று முடிவானது. மாசக்கணக்காகும். நான் இதைச் சொல்கிற வரைக்கும் பதில் வரவில்லை. வடக்கே இருந்து போன் வந்தால் முதலில் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். காரில் ஏறும்போது என்னிடம், "பூச்சு நல்லாத்தான் இருந்துச்சும்மா. என்னையே ஏமாத்திடுச்சு" என்றார். அதைக் கேட்டு ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு என் மகள் சாயங்காலம் வந்தாள். நேரே பெட்டி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். காபி வைத்தேன், தொடவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும். திட்டவில்லை. நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தேன். வாசலில் போய் நின்றேன். வாய்க்காலில் தண்ணீர் ஏறியிருக்குமா, கீழண்டை வரப்பு நிற்குமா என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு.

கடைசியில் அவளே பேசினாள், பெட்டியைப் பார்த்தபடி.

"அம்மா, வெடிப்பு மூடியிருந்தத நான் பாத்தேன்."

நான் வாசலில் இருந்து உள்ளே வந்தேன்.

"என்னமோ நடந்திருக்குன்னு தெரிஞ்சுது. கேக்கல. பேனாவும் குடுத்துட்டேன்."

அவள் முகம் அவள் அப்பா முகம் மாதிரி இருந்தது. அந்த வரப்பில் நின்ற முகம் இல்லை, அதற்குப் பிறகு வருஷக்கணக்கில், தெரிந்தும் கேட்காமல், என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட முகம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி மடங்க நேரமாயிற்று. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. காபி ஆறிவிட்டது, சூடு பண்ணவா என்றேன். வேண்டாம் என்று ஆறினதையே குடித்தாள்.

பிறகு மிச்சம் இருந்த வண்டலைக் கேட்டாள். கொல்லையில் இருந்து கொண்டுவந்து கொடுத்தேன். அதில் கொஞ்சம் எடுத்துச் சின்னப் பையில் போட்டுக் கட்டினாள், சீவிப் பார்க்கிறவர்களுக்கு எது எங்கள் மண், எது காட்டு மண் என்று தெரிய வேண்டுமாம். அவள் எழுதுகிற தாளை எடுத்தாள். கட்டம் கட்டமாக அச்சடித்த தாள், எல்லாம் இங்கிலீஷ். என்ன எழுதுகிறாய் என்றேன். கீழ் முகம் கலைந்தது, இரண்டு விரல் செதுக்கி மறுபடி பார்த்தது என்று எழுதினேன் என்றாள்.

"யாரு கலைச்சதுன்னு எழுதினியா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல எடம் இருக்குல்ல. அங்க எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் தமிழில் எழுதினால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். ஓரத்தில் தமிழிலேயே எழுதினாள். தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். விரலை வைத்துப் படித்தேன். 'அம்மா பூசியது. வாய்க்கால் வண்டல் கலந்தது.' இரண்டு வரி. சரியாக இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு. இது தாள்ல எழுத வேண்டாம். நீ கேட்டுக்க" என்று மடை விஷயத்தை ஆரம்பித்தேன். கொழுந்தன் பெண்டாட்டி, பெரிய மனிதர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று விசாரிக்க வந்தவள், நிலைப்படியில் காலை வைத்து நின்றுகொண்டிருந்தாள். முழுகினதில் பாதி அவர்கள் வயல். உள்ளே வா, உட்கார் என்று சொல்லிவிட்டு, குரலைக் குறைக்காமல் முதலில் இருந்து சொன்னேன்.